டர்பன் ஆரஞ்சுப் புழுவைப் பற்றி

அன்புள்ள கதிரேசன்,

நலம்; நலமறிய அவா. உங்கள் டர்பன் தோட்டத்து ஆரஞ்சில் கண்ட இளஞ்சிவப்புப் புழுவின் படங்கள் கிடைத்தன. ஆப்பிளைக் குடையும் காட்லிங் புழுவாக இருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஐயம் உங்கள் நேட்டால் பகுதிக்குப் புதிதல்ல; 1901இலேயே பூச்சியியலாளர் கிளாட் ஃபுல்லர் இப்பூச்சியை ‘நேட்டால் காட்லிங் பூச்சி’ என்றுதான் பதிவு செய்தார். ஆனால் உண்மையான காட்லிங் ஆரஞ்சை நாடுவதில்லை. புழுவின் பின்முனையைக் கைவில்லையால் பாருங்கள்: ஆசனவாய்க்கு மேலே நுண்ணிய சீப்பு ஒன்று தெரிந்தால், அது காட்லிங் இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

என் ஊகம், ‘போலிக் காட்லிங்’ எனப்படும் தாமட்டோடிபியா லியூகோட்ரீட்டா என்ற அந்துப்பூச்சி. இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே ஆயிரக்கணக்கான சிற்றந்துப்பூச்சிகளுக்குப் பெயரிட்ட எட்வர்ட் மேரிக், 1913இல் இதை ஆர்கிரோப்ளோசே என்ற பேரினத்தில் சேர்த்தார். பிறப்புறுப்புகளை அறுத்து ஆராயும் முறையை அவர் ஏற்றவரல்லர். அவரது கூர்ந்த பார்வையை வியக்கும் நான், இந்தப் பிடிவாதத்தை மட்டும் மெச்சமாட்டேன். பின்னர் கிரிப்டோஃப்ளேபியா என்ற பேரினத்தில் நெடுங்காலம் இருந்த இப்பூச்சியை, 1999இல் கோமாய் என்ற ஆய்வாளர் இப்போதைய தாமட்டோடிபியா பேரினத்துக்கு மாற்றினார். அப்பேரினத்தையே 1915இல் சாக்கர் என்ற ஆய்வாளர் இதே பூச்சிக்கு, புதியதென்று எண்ணி, வேறொரு பெயர் சூட்டித்தான் நிறுவினார் என்பது வேடிக்கை.

புழுவை வைத்து மட்டும் முடிவு கட்டுவது எளிதன்று, ஏனெனில் லிச்சிப் பழத்தையும் மகடாமியாக் கொட்டையையும் தாக்கும் உறவினப் புழுக்களும் ஏறத்தாழ இப்படியே இருக்கும். சிறகு விரித்தால் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டாத வளர்ந்த பூச்சியிலும், பழுப்புச் சாம்பல் நிற முன்சிறகின் நடுவிலுள்ள சிறு வெண்புள்ளியும் ஓரத்து முக்கோணக் கறையும் தேய்ந்துபோனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆண் கிடைத்தால்தான் தெளிவு பிறக்கும்: பின்காலில் அடர்ந்த செதில் குஞ்சமும், பின்சிறகின் உள்மூலையில் அரைவட்டப் பை போன்ற குழியும் இருக்கும். அதற்குமேலும் ஐயமிருந்தால் வயிற்றைத் தனியே எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இளக்கி, பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

ஆகவே புழுக்களைப் பழத்துண்டோடு ஒரு டப்பாவில் இட்டு, அடியில் உலர்மணல் பரப்பி வையுங்கள். அவை மணலில் பட்டுக்கூடு கட்டும். வெளிவரும் பூச்சிகளைக் கையால் தொடாமல் உறைபெட்டியில் வைத்த பிறகு, பின்காலைப் படமெடுத்து அனுப்புங்கள். உயிருள்ள எதையும் அஞ்சலில் சேர்க்க வேண்டாம். இப்பூச்சிக்கு அஞ்சித்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் உங்கள் தென்னாப்பிரிக்க ஆரஞ்சைக் குளிரூட்டியே அனுப்ப வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது.

அன்புடன்,
மாணிக்கம்