ராத்திரி வரும் நோயை ராத்திரியில் பாருங்கள்

சேலம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்ட மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

சேர்வராயன் மலையில் ஒரு சிற்றூரில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். மலையின் நிலவரம் உங்களுக்குத் தெரியும். பேருந்து எத்தனை மணிக்கு, மழைக்காலத்தில் பாதை எப்படி என்றெல்லாம் எழுதி உங்கள் நேரத்தை எடுக்கப் போவதில்லை. தூக்கத்தில் மூச்சு அடைத்துத் திணறும் குழந்தைகளைப் பகலில் ஓ.பி.யில் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். ஒரு ராத்திரி படுக்கை கொடுத்துப் பாருங்கள். கேட்க வந்தது இவ்வளவுதான்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளைப் பாய் விரித்துத் தூங்க வைப்போம். பெற்றவர்களுக்கு அடுத்தபடியாக இவர்கள் தூங்குவதைப் பார்ப்பவர்கள் நாங்கள்தான். எங்கள் மையத்தில் நாலு வயதுப் பையன் ஒருவன். வாயைப் பிளந்து, தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தை நீட்டிக்கொண்டுதான் தூங்குவான். பெரிய ஆள் விடுவதுபோலக் குறட்டை வரும். அப்புறம் சத்தம் நின்றுவிடும். நெஞ்சுக்குழி உள்ளே போகும், வயிறு எழும்பும், ஆனால் மூக்கருகே விரலை வைத்தால் காற்று வராது. திடுக்கென்று உடம்பு தூக்கிப்போட, ஓர் இழுப்பு இழுத்து மறுபடி குறட்டை. வெளியே பனி இறங்கும் நாளிலும் நெற்றியும் கழுத்தும் வேர்த்திருக்கும். மூக்கு அடைத்திருப்பதால் மென்றுகொண்டே மூச்சுவிட முடியாது. முட்டையில் பாதியை வைத்துவிடுவான். எடை அட்டையில் அவன் கோடு ஏறவே இல்லை. எடைக் குறைவு என்று எழுதி, சத்துமாவு கொடுத்து வருகிறோம். ராத்திரி முழுக்க மூச்சுக்கே பாடுபடும் உடம்பில் மாவு மட்டும் கொடுத்தால் சதை எப்படிப் பிடிக்கும்?

மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டும் தொண்டையில் இருக்கும் டான்சிலும் அவனுக்கு வீங்கி வழியை அடைத்திருக்கின்றன. அறுவை செய்து எடுக்கத் தேதியும் கொடுத்தார்கள். காலை 7 மணிக்கு வெறும் வயிற்றோடு கீழே மருத்துவமனையில் இருக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. முந்தின நாள் மாலையே பையன், அவன் அம்மா, நான் மூவரும் இறங்கினோம். 20 கொண்டை ஊசி வளைவு முடிந்து அடிவாரம் வருவதற்குள் குழந்தை வாந்தி எடுத்து ஓய்ந்துவிட்டான்.

அட்மிஷன் காலையில்தான், இப்போது படுக்கை கிடையாது என்றார்கள். நோயாளிகளுடன் வந்தவர்கள் தங்கும் கொட்டகையில் துண்டை விரித்தோம். படுக்கப்போட்டால் திணறுகிறான் என்று அவன் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். விடிய விடிய அப்படியே இருந்தாள். அவள் கண் அசந்து தோள் சரிந்தபோதெல்லாம் அவன் மூச்சு நின்றது. பக்கத்தில் படுத்திருந்த ஒரு பாட்டி எழுந்து வந்து, "என்னம்மா புள்ளைக்கு? நிமிர்த்தி வச்சுக்கோ" என்றார். டாக்டரும் நர்சும் விழித்திருந்த வார்டு எதிர்க் கட்டடத்தில் இருந்தது. அந்த ராத்திரி யாராவது ஒருவர் பத்து நிமிடம் வந்து நின்றிருந்தால் இந்தப் பிள்ளைக்கு என்ன நோய், எவ்வளவு கடுமை என்று கண்ணாலேயே பார்த்திருக்கலாம்.

காலையில் மயக்க மருந்து டாக்டர் பார்த்தார். மூக்கு ஒழுகுகிறது, நெஞ்சில் சளி இருக்கிறது, இன்றைக்கு முடியாது, சரியானதும் வாருங்கள் என்றார். அவர் சொன்னது சரி. சளியோடு மயக்கம் கொடுத்தால் மூச்சுக்குழல் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு. அவரிடம் எனக்குக் கோபமில்லை. எந்த மருத்துவமனை என்று எழுதாததும் அதனால்தான். ஆனால் அடினாய்டு அடைத்த பிள்ளைக்கு மூக்கு ஒழுகாத நாள் எது? ஐப்பசி பிறந்தால் தை வரை மலையில் சளி இல்லாத குழந்தை எது? முந்தின நாள் மாலையே படுக்கை தந்து பார்த்திருந்தால் அந்தச் சளி அப்போதே தெரிந்திருக்கும். ராத்திரியெல்லாம் பட்டினி கிடந்த பிள்ளைக்கு அப்போதே நாலு இட்லி கொடுத்திருக்கலாம். வெளியே வரும்போது இன்னொருவர், வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்த பையனைப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கான், வளர்ந்தா சரியாயிடும்" என்றார். பகலில் நன்றாகத்தான் இருப்பான். அவன் நோய் விழித்திருக்கும்போது வருவதில்லை.

வளர்ந்தால் சரியாகும் என்பதிலும் உண்மை இருக்கிறது. 2013ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 5 முதல் 9 வயது வரையுள்ள 464 குழந்தைகளில் ஒரு பாதிக்கு உடனே அறுவை செய்தார்கள். மறு பாதியைக் காத்திருக்க வைத்தார்கள். 7 மாதம் கழித்துப் பார்த்தபோது அறுவை செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்குத் தூக்கப் பரிசோதனை சரியாக இருந்தது. காத்திருந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்குத் தானாகவே சரியானது. ஆக, எல்லாப் பிள்ளைக்கும் கத்தி வைக்க வேண்டியதில்லை. ஆனால் தூக்கத்தில் நெடுநேரம் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு இறங்கும் பிள்ளைகளை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. எங்கள் பையன் எந்த வகை? யார் காத்திருக்கலாம், யார் காத்திருக்கக் கூடாது? ஒரு ராத்திரி பார்க்காமல் இதை யாராலும் சொல்ல முடியாது.

தலை முதல் கால் வரை வயர் ஒட்டிச் செய்யும் முழுத் தூக்கப் பரிசோதனையை உடனே கேட்கவில்லை. ராத்திரி முழுக்க ஆக்சிஜன் அளவைப் பதிவு செய்யும் கருவி, குழந்தை விரலுக்குப் பொருந்தும் ஒட்டுப்பட்டையோடு இருந்தால் போதும். அந்தப் பதிவை வைத்தே யாருக்கு அவசரம் என்று வரிசைப்படுத்தும் முறையை கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2004லேயே வெளியிட்டுவிட்டார்கள். பதிவு நன்றாக இருப்பதை மட்டும் வைத்து நோயில்லை என்று சொல்லிவிட முடியாது. மோசமாக இருந்தால் தள்ளிப்போட முடியாது. லேசாக இருக்கும் பிள்ளைக்கு மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் மான்டெலூகாஸ்ட் மாத்திரையும் கொடுத்துப் பார்க்கலாம். அந்த மாத்திரையால் சில குழந்தைகளுக்கு மனநிலை மாறலாம் என்று 2020ல் அமெரிக்க மருந்துத் துறை கடுமையாக எச்சரித்திருப்பதைத் தாய்மாரிடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்கள், உடல் பருத்தவர்கள், தாடை சிறுத்தவர்களுக்கு அறுவைக்குப் பிறகும் அடைப்பு மிஞ்சலாம். அவர்களுக்குக் காற்றழுத்தம் தரும் சிபேப் முகமூடி வேண்டியிருக்கும். இதையும் ராத்திரி பார்த்தால்தான் தெரியும்.

பள்ளிச் சிறார் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை எங்கள் மையத்துக்கு வருகிறது. காதில் சீழ், பல் சொத்தை, இளைப்பு என்று பல குறைபாடுகளைப் பார்க்கிறார்கள். பிள்ளை குறட்டை விடுகிறதா என்று ஒரு கேள்வி அதில் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு பெரியவர்களுக்கு பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல காரியம். மே மாதக் கோடை விழா என்றால் மலைக்குக் கூடுதல் பஸ் வருகிறது, ஊரெல்லாம் பூ வருகிறது. விழா முடிந்தால் எங்கள் பிள்ளைகள் மறுபடி கொட்டகையில் துண்டு விரித்துப் படுக்க வேண்டும். ராத்திரி தூங்காத பிள்ளை பகலில் துறுதுறுவென்று அலையும், பாடத்தில் மனம் நிற்காது. பள்ளிக்கூடம் போனதும் மக்கு, அடங்காதவன் என்று பெயர் வாங்கும். அந்தப் பெயர் பிறகு போவதே இல்லை.

ஏதோ ஆத்திரத்தில் எழுதுவதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன். மலையிலிருந்து வரும் குழந்தைக்கு அறுவைக்கு முந்தின நாள் மாலையே வார்டில் படுக்கை தாருங்கள். அந்த ராத்திரி ஆக்சிஜன் கருவி மாட்டிப் பாருங்கள். அறுவை முடிந்த ராத்திரியும் கண்காணிப்பில் வையுங்கள். 3 வயதுக்குக் குறைந்தவர்களையும் கடுமையாக அடைப்பு உள்ளவர்களையும் அன்றே அனுப்பக் கூடாது. ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை தொண்டையில் ரத்தம் கசியலாம் என்பதால், அதுவரை கூப்பிட்டால் எடுக்கும் ஒரு போன் எண்ணையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள். சளி பிடித்திருக்கிறதா என்பதை அறுவைக்கு இரண்டு நாள் முன்னால் மலையிலேயே ஒரு டாக்டர் பார்த்துச் சொல்லும்படி செய்யுங்கள்.

பையனுக்கு அடுத்த தேதி இன்னும் தரவில்லை. தரும்போது சீட்டில் "முந்தின நாள் மாலை அட்மிஷன்" என்று எழுத உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சேர்வராயன் மலையிலிருந்து ஓர் அங்கன்வாடிப் பணியாளர்