புல்தரைக்குக் காவிரி நீரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

2024 மார்ச்சில், கடும் தட்டுப்பாட்டின்போது, தோட்டத்துக்குக் குடிநீர் பாய்ச்சக் கூடாது என்று பெங்களூரு குடிநீர் வாரியம் தடை விதித்தது. மீறினால் அபராதம் 5,000 ரூபாய். அதை மனதார வரவேற்றவன் நான். சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, பல நூறு மீட்டர் உயரத்துக்கு மின்சாரம் செலவழித்து ஏற்றி வரும் காவிரி நீர் இது. அதைப் புல்லுக்குக் கொட்டுவது எப்படி நியாயமாகும்?

ஆனால் அபராதம் மட்டும் போதாது. எங்கள் குடியிருப்பில் உச்சி வெயிலில், பன்னிரண்டு மணிக்குத் தெளிப்பான் சுற்றுகிறது. பாதி நீர் காற்றோடு போகிறது, மீதியில் கொஞ்சம் சிமென்ட் நடைபாதையை நனைக்கிறது. கேட்டால், "தோட்டக்காரர் வரும் நேரம் அதுதான் சார்" என்கிறார்கள்.

அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் கோடையில் காலை 11 முதல் மாலை 7 வரை தெளிப்பானைத் திறக்கவே அனுமதியில்லை. வாரத்தில் எந்தெந்த நாள் பாய்ச்சலாம் என்பதும் பகுதிவாரியாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. இங்கும் வாரியம் நேரத்தை வரையறுக்க வேண்டும். குடியிருப்புகளில் சுத்திகரித்த கழிவுநீரையே தோட்டத்துக்குக் கட்டாயமாக்க வேண்டும். தட்டுப்பாடு வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பெங்களூரு