ஓட்டு சமம், நாற்காலி சமமில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

உள்ளாட்சித் தேர்தல் வந்தாலே பழங்கால கிரேக்க நகரமான ஏதென்ஸ்தான் ஜனநாயகத்தின் தாய்வீடு என்று மேடையில் பேசுகிறார்கள். சரி, ஆனால் பேச்சு முழுக்க ஓட்டைப் பற்றித்தான். முன்பின் தெரியாத மனிதர்களை அந்த ஊர் எப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தது என்பதை யாரும் சொல்வதில்லை.

கி.மு. 508 வாக்கில் கிளைஸ்தனீஸ் என்பவர் பெரிய குடும்பங்களின் பிடியில் இருந்த பழைய நான்கு குலப் பிரிவுகளை ஓரங்கட்டி, புதிதாகப் பத்துப் பிரிவுகளை உண்டாக்கினார். ஒவ்வொன்றிலும் கடற்கரைக்காரர், உள்நாட்டு விவசாயி, நகரத்துக்காரர் மூவரும் இருந்தாக வேண்டும். போருக்குப் போனாலும் இவர்கள் ஒரே அணி. 500 பேர் மன்றத்துக்குப் பிரிவுக்கு 50 பேர் குலுக்கலில் வந்தார்கள், முறை வரும்போது அந்த 50 பேரும் ஒரு மாதத்துக்கு மேல் ஊர் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டு, பொதுச் செலவில் ஒரே வட்டக் கட்டடத்தில் சேர்ந்து சாப்பிட்டார்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயம். கொடுங்கோல் ஆட்சியில் நட்புக்கு இடம் குறைவு, மக்களாட்சியில்தான் அதிகம், ஏனென்றால் சமமானவர்களுக்குள் பொதுவானவை நிறைய என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார்.

அதே அரிஸ்டாட்டில் வெளியூர்க்காரர் என்பதால் ஏதென்ஸ் மக்கள் சபையில் பேச உரிமை இல்லாதவர். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அறவே இல்லை. கி.மு. 451இல் ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டப்படி அப்பா அம்மா இருவருமே ஏதென்ஸ் குடிகளாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. பொள்ளாச்சியில் பெண் எடுத்து உடுமலையில் பெண் கொடுக்கும் எங்கள் பாலக்காட்டு எல்லைப்புறத்தில் இந்தச் சட்டம் இருந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் வெளியே நின்றிருப்பார்கள்!

எங்களுக்குச் சட்டத்தில் குறையே இல்லை. கேரளத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கிராம சபை கூட்ட வேண்டும், அதுவும் வார்டு வாரியாக. ஆனால் எங்கள் வார்டில் முன்வரிசை நாற்காலிகளில் எப்போதும் அதே ஆட்கள். கூலி வேலைக்குப் போகும் பெண்கள் வாசலோரம் நின்று, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். வீடு கட்ட உதவி பெறுவோர் பட்டியலை மலையாளத்தில் மடமடவென்று வாசிக்கிறார்கள், ஒரு அக்கா தமிழில் கேள்வி கேட்டால் 'அப்புறம் சொல்றேன்' என்கிறார்கள், அந்த அப்புறம் வருவதே இல்லை. பத்து வீடு தள்ளி இருப்பவர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் டீ குடித்ததில்லை என்றால், ஓட்டு சமமாக இருந்து என்ன பயன், அந்த அக்காவுக்காக எழுந்து பேச யார் இருப்பார்கள்?

1996இல் ஊருக்கான திட்டங்களை ஊர் மக்களே பேசி முடிவு செய்யும் 'மக்கள் திட்டம்' கேரளத்தில் தொடங்கியபோது கிராம சபையில் குழுக்களாகப் பிரிந்து உட்கார்ந்து பேசும் பழக்கம் வந்தது. அதை ஒழுங்காகச் செய்தாலே போதும். குழுக்களைக் குலுக்கலில் பிரியுங்கள், எல்லாத் தெருவும் கலக்கட்டும். பட்டியலைத் தமிழிலும் வாசியுங்கள். கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே இடத்தில் டீ கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் இதை எழுதிக் கொடுக்கப் போகிறேன். எல்லையோர வார்டுகளின் கிராம சபைகளுக்கு உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி, யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள் என்று எழுதச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்