21 விடைத்தாள்கள்

நீடாமங்கலம்,
ஐப்பசி, ஞாயிறு

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

"ஆராய்ச்சி எந்த மட்டில் இருக்கு?" என்று போனில் கேட்டாயே, அன்றைக்கு மழுப்பிவிட்டேன். மூன்று நாளாக அடைமழை. இன்று கரண்ட்டும் இல்லை. சரி, எழுதியே விடலாமென்று உட்கார்ந்தேன்.

தலைப்பு உனக்குத் தெரியும், ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம். வட்டம் வரைந்து பங்கு போடாமல் நம் நிலக்கணக்கில் சொல்லிக்கொடுத்தால் ஏறுமா? 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. பழைய கணக்கில் இருபதில் ஒன்றுக்கே 'மா' என்றுதானே பேர்! "எங்க தாத்தாவுக்கு அஞ்சு மா. அப்போ கால் வேலியா டீச்சர்?" என்று ஒருத்தன் கேட்டதும், ஆராய்ச்சியே முடிந்த மாதிரி துள்ளினேன்.

27 பேரில் பாதிப் பேருக்குப் புது முறை, மீதிப் பேருக்குப் பழைய முறை என்று பிரித்திருந்தேன். இரண்டாம் நாளே சத்துணவு வரிசையில் ஒருத்தி, கையில் முட்டையோடு, பழைய முறைக்காரிக்கு மாக்கணக்கு விளக்கிக்கொண்டிருக்கிறாள். எப்படித் தடுப்பேன்? தெரிந்ததைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று தினமும் சொல்வதே நான்தான். மறுநாள் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துவிட்டேன்.

அப்புறம் பின்தேர்வு. வந்தது 21 பேர். வராத ஆறு பேரும், அம்மா நடவுக்குப் போனால் தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுகிறவர்கள். முன்தேர்வில் அடியில் இருந்ததும் அவர்கள்தான். சராசரி எகிறிவிட்டது, நானும் பூரித்துப்போனேன். ராத்திரி சந்தேகம் வந்து, அந்த 21 பேரின் முன்தேர்வு மார்க்கை மட்டும் எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். ஏற்றம் பாதியாகச் சுருங்கிவிட்டது.

'புது முறை பிடித்திருக்கிறதா?' என்ற தாளில் எல்லாரும் ஆமாம் போட்டிருக்கிறார்கள். "ஆமாம்னு போட்டா கரெக்ட்டா டீச்சர்?" என்று ஒரு குட்டி கேட்டதைக் கணக்கில் எந்தக் கட்டத்தில் சேர்ப்பது?

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது ஒரு தாள். கட்டம் போட்ட வேலியில் சரியாக மூன்று மாவுக்கு வண்ணம் அடித்திருக்கிறான். பக்கத்தில் எழுதியிருப்பது 20/3. எதையும் தலைகீழாக எழுதுகிற பையன், எனக்குத் தெரியும். அரை மார்க் போட்டேன். வேறு பள்ளிப் பிள்ளையாக இருந்தால் போட்டிருப்பேனா?

அதனால்தான் இந்தக் கடிதம். பேரை மறைத்து, நம்பர் போட்டு, 21 தாளையும் மழை விட்டதும் கூரியரில் அனுப்புகிறேன். நீ திருத்திக் கொடு. நான் போட்ட மார்க்கைக் கேட்காதே, சொல்ல மாட்டேன். அந்த ஆறு பேருக்குத் தனியாகத் தேர்வு வைக்கலாமா என்பதையும் யோசித்து வை.

அம்மாவுக்கு மூட்டுவலி இப்போது எப்படி? விசாரித்ததாகச் சொல்.

16-ஆம் நம்பர் தாளை மட்டும் கொஞ்சம்... வேண்டாம், நான் ஒன்றும் சொல்லவில்லை.

உன்
நீடாமங்கலத்துக்காரி