மனோராவிலிருந்து தொடங்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலம் படிக்கும் மாணவர்களுக்காக உங்கள் இணைப்பிதழில் வந்த பிரிட்டன் பற்றிய பக்கத்தைப் படித்தேன். பட்டுக்கோட்டையில் மாலை நேரத்தில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்காகத் தேர்வு எழுதுகிறவர்கள், மற்றவர்கள் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறவர்கள். அதனால் அந்தப் பக்கத்தை வகுப்பில் வைத்து எல்லோருமாகவே படித்தோம். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் விஷயம்? பிக் பென், லண்டன் ஐ, பக்கிங்ஹாம் அரண்மனை, அப்புறம் ஆங்கிலேயர்கள் நேரம் தவற மாட்டார்கள், வரிசையில் நிற்பார்கள், டீ குடிப்பார்கள், அதிகம் பேச மாட்டார்கள் என்று நாலு வரி. பிள்ளைகள் இதை அப்படியே மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதுதான் எனக்குக் கவலை.

பிரிட்டனுக்குப் போய் இறங்குகிற பெண்ணுக்கு வார்டில் முதலில் பேச வாய்க்கிற ஆள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்காரராக இருந்தால் என்ன செய்வாள்? அவரிடம் போய் "நீங்கள் ஆங்கிலேயர்தானே" என்றால் அவருக்குச் சுருக்கென்று இருக்கும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்கும் சேர்ந்ததுதான் ஐக்கிய முடியரசு. ஸ்காட்லாந்து 1707-ல் இங்கிலாந்தோடு இணைந்தது, ஆனாலும் சட்டமுறை தனி, திருச்சபை தனி, ஸ்காட்லாந்து வங்கிகள் அச்சிடும் பவுண்டு நோட்டுகூடத் தனி. வட அயர்லாந்தில் தங்களை பிரிட்டிஷ்காரர் என்று சொல்லிக்கொள்பவர்களும் உண்டு, ஐரிஷ்காரர் என்று சொல்பவர்களும் உண்டு. நாமும் இங்கே தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்த்து "வெள்ளைக்காரன் கட்டினது" என்று முடித்துவிடுகிறோம். 1620-ல் அதைக் கட்டத் தொடங்கியவர்கள் டென்மார்க்காரர்கள், ஆங்கிலேயர் கைக்கு அது வந்தது 1845-ல் விலைக்கு வாங்கியபோதுதான்.

வேல்ஸ் பற்றி ஒரு வரிகூட உங்கள் பக்கத்தில் இல்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியதே அதுதான் என்பேன். ஆங்கிலம் பிறந்த இடத்துக்கு அடுத்த வீட்டிலேயே அதற்கும் முந்தைய ஒரு மொழி இன்னும் உயிரோடு இருக்கிறது, 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸில் ஏறக்குறைய 5 லட்சத்து 38 ஆயிரம் பேர் வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள், அதாவது நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்கூட இல்லை, ஆனாலும் சாலைப் பலகையில் இரண்டு மொழியும் இருக்கும், பள்ளியில் 16 வயதுவரை எல்லாப் பிள்ளைகளும் வெல்ஷ் படித்தாக வேண்டும். அது தானாகக் கிடைத்ததில்லை. வெல்ஷ் மொழிக்குத் தனித் தொலைக்காட்சி தருவதாகச் சொன்ன அரசு பின்வாங்கியபோது, க்வின்ஃபர் எவன்ஸ் என்ற தலைவர் 1980-ல் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று அறிவித்தார். மார்கரெட் தாட்சர் அரசு இறங்கி வந்தது, 1982 நவம்பரில் எஸ்4சி அலைவரிசை தொடங்கியது. இதை வகுப்பில் சொன்னபோது, தமிழ்நாடு என்ற பெயருக்காக 1956-ல் உண்ணாவிரதமிருந்து உயிர்விட்ட சங்கரலிங்கனாரை ஒரு பையன் எழுந்து நினைவுபடுத்தினான், அவ்வளவுதான், அதுவரை வாயே திறக்காத பிள்ளைகள்கூட ஆங்கிலத்தில் வாதம் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். தப்பும் தவறுமாகத்தான் பேசினார்கள், பேசினார்களே.

சரி, பிக் பென்னுக்கே வருகிறேன். பிக் பென் என்பது உள்ளே தொங்குகிற பெரிய மணி, 13.7 டன். கோபுரத்துக்கு 2012 முதல் எலிசபெத் கோபுரம் என்று பெயர். தேர்வில் கேட்கிறார்கள் என்பதால் இது பலருக்கும் தெரிந்திருக்கும். அதைவிட முக்கியமாக நான் சொல்வது ஊசலின் மேல் வைக்கும் காசுகளை. கடிகாரம் கொஞ்சம் மெதுவாக ஓடினால் ஊசலின் மேல் பழைய பென்னிக் காசு ஒன்றை வைப்பார்கள், வேகமாக ஓடினால் ஒன்றை எடுப்பார்கள். ஒரு காசு, ஒரு நாளைக்கு 0.4 விநாடி வித்தியாசம். 1859-லிருந்து ஓடுகிற அந்தக் கடிகாரத்தை இன்றும் இப்படித்தான் சரிபார்க்கிறார்கள். "ஆங்கிலேயர் நேரம் தவறாதவர்" என்று எழுதிப் போடுவதற்குப் பதில் இந்த ஒன்றைச் சொல்லியிருந்தால் பிள்ளைகள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

அதிகம் பேசாதவர்கள் என்பதும் அரைகுறை. முன்பின் தெரியாதவரிடம் அவர்கள் வானிலையைப் பற்றித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். மழை வருமா என்று கேட்டால் மழையைப் பற்றிக் கவலை என்று அர்த்தமில்லை, ஜூன் மாதத்தில் நம் டீக்கடையில் "மேட்டூர் திறந்தாச்சா, ஆத்துல தண்ணி வந்துடுச்சா" என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்பதில்லையா, அந்த மாதிரி. அதற்கு இரண்டு வார்த்தை பதில் சொல்லப் பிள்ளைகளுக்குத் தெரிந்தால் போதும், பழக்கம் தொடங்கிவிடும். அதே ஆட்கள் கால்பந்து மைதானத்தில் தொண்டை கிழியக் கத்துவார்கள். புதன்கிழமை நாடாளுமன்றத்தில் பிரதமரிடம் கேள்வி கேட்கும் நேரத்தைப் பார்த்தால் இவர்களையா அமைதியானவர்கள் என்றோம் என்று தோன்றும்.

இதில் ஒன்று மட்டும் நிதானமாகச் சொல்லித்தர வேண்டியது, அது அடுத்தவர் விஷயத்தில் தலையிடாத பழக்கம். கும்பகோணம் ராமானுஜன் 1914-ல் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே குளிரில் இரவெல்லாம் நடுங்கியிருக்கிறார். ஓவர்கோட் போட்டுக்கொண்டு, சால்வை சுற்றிக்கொண்டு படுத்திருக்கிறார். போர்வை போதவில்லையோ என்று அங்கே படித்துக்கொண்டிருந்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ் உள்ளே போய்ப் பார்த்தால், கம்பளிகள் எல்லாம் மெத்தையோடு சேர்த்து ஒழுங்காகச் செருகி, மேலே விரிப்பு போட்டு அப்படியே இருக்கின்றன. அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்கு யாரும் சொல்லவில்லை. கணிதத்தில் உலகமே வியந்த மனிதர், விரிப்பின் மேலேயே படுத்திருந்திருக்கிறார். அந்த ஊர்க்காரர்கள் இரக்கமில்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், ஒருவர் அறைக்குள் போய் "எப்படித் தூங்குகிறாய்" என்று விசாரிப்பது அவர்களுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கும். விசாரித்தவர் இன்னொரு இந்திய மாணவர். நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது இது: அங்கே யாரும் தானாக வந்து கேட்க மாட்டார்கள், நீதான் போய்க் கேட்க வேண்டும், கேட்டால் பொறுமையாகச் சொல்லித்தருவார்கள்.

இன்னொன்று, உங்கள் படங்களில் இருந்தவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள். இன்றைய அரசு மருத்துவமனைகளில் கேரளம், பிலிப்பைன்ஸ், நைஜீரியா என்று பல இடத்து நர்சுகள் வேலை செய்கிறார்கள், லண்டன் ஹைகேட்டில் முருகன் கோயிலே இருக்கிறது. அதுவும் பிரிட்டன்தான்.

கடைசியாக என் கோரிக்கை. அடுத்த முறை இந்தப் பக்கத்தை லண்டனில் தொடங்காமல் மனோராவில் தொடங்குங்கள். பட்டுக்கோட்டை பக்கம் சரபேந்திரராஜன்பட்டினத்துக் கடற்கரையில், நெப்போலியன் வீழ்ந்ததைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி மன்னர் எழுப்பிய எட்டடுக்குக் கோபுரம். 1799 ஒப்பந்தத்தோடு தஞ்சை நாட்டு ஆட்சி ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது, மன்னருக்கு மிஞ்சியது கோட்டையும் அதைச் சுற்றிய கொஞ்சம் இடமும்தான். அப்படிப்பட்டவர், தன் நாட்டை எடுத்துக்கொண்டவர்களின் வெற்றிக்கு 1814-15-ல் கோபுரம் கட்டியிருக்கிறார். நட்பா, பயமா, ராஜதந்திரமா என்று எவ்வளவு பேசலாம் பாருங்கள். நெப்போலியன் போர்களின் நினைவாக லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிற்கும் நெல்சன் தூண் 1840-களில் எழுந்தது, நம் மனோரா அதற்கு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் மூத்தது. இதை எந்தப் பாடக் குறிப்பிலும் நான் பார்த்ததில்லை.

டெல்டாவில் ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகளைக் கல்லூரிகள் ஒரு நாள் அங்கே அழைத்துப் போய், கல்வெட்டில் இருக்கும் ஆங்கில வாசகத்தை வாய்விட்டுப் படிக்கவைத்து, அங்கேயே உட்கார்ந்து பேசவைக்கலாம். நீங்கள் அந்தப் பக்கத்தைப் போடுவதாக இருந்தால் படம் எடுத்து, ஆங்கிலத்திலும் தமிழிலும் குறிப்பு எழுதி அனுப்ப எங்கள் வகுப்புப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியை ஒருவர்,
பட்டுக்கோட்டை