வகுப்புக் குரூப்பும் வகுப்பறைதான்

சென்னைப் பள்ளிகளின் தாளாளர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இப்போது புழங்குவது வாட்ஸ்அப் ஸ்டிக்கர். ஆண்டு விழா போட்டோவில் ஒருத்தி கண்ணை மூடியிருந்தால் போதும். முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, கீழே பட்டப்பெயர் போட்டு, ராத்திரியே குரூப்பில் சுற்ற விடுகிறார்கள். காலையில் வேனில் ஏறும்போதே அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள்.

புகார் சொல்லப் போனால் கிடைக்கும் பதில்: "அது ஸ்கூலுக்கு வெளியே நடந்தது மேடம். நீங்க ஏன் போன் கொடுக்கறீங்க?" சரி, ஹோம்வொர்க்கும் டெஸ்ட் போர்ஷனும் எதில் வருகிறது? போனைக் கொடுக்க வைத்ததே நீங்கள்தான்!

தமிழ்நாட்டு ராகிங் தடைச் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. அது கல்லூரிக்கு மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். எந்தக் கல்வி நிலையத்தில் படிக்கும் மாணவருக்கும் பயமோ அவமானமோ உண்டாக்கினால் அது ராகிங் என்கிறது அந்தச் சட்டம்.

புகார் வந்ததும் வகுப்பாசிரியர் முதலில் சொல்வது "டெலிட் பண்ணு". தேதி, நேரம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு அழிக்கச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டு பேரையும் வகுப்பின் முன் நிறுத்திக் கைகுலுக்கச் சொல்கிறீர்களே, அதை விட்டுவிடுங்கள். அன்று சாயங்காலமே 'போட்டுக் கொடுத்தவ' என்று இன்னொரு ஸ்டிக்கர் வரும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் தொல்லையைப் பள்ளியில் சொன்ன பையனை வீடு புகுந்து வெட்டினார்கள். சொன்னது யார் என்பது வெளியே போகக் கூடாது. ஆனால் பல பள்ளிகளில் புகார்ப் பெட்டி தலைமை ஆசிரியர் அறை வாசலில், கேமராவுக்கு நேர் கீழே இருக்கிறது. எந்தப் பிள்ளை போடும்?

படத்தை ஆபாசமாக மாற்றியிருந்தால் அதை உங்கள் அறையில் பேசி முடிக்க முடியாது. போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் வழக்கு உங்கள் மேலும் வரும். ஸ்டிக்கர் செய்தவனுக்கு டிசி கொடுப்பதிலும் பிரயோஜனம் இல்லை, அடுத்த பள்ளியிலும் அதையேதான் செய்வான். அவனிடமும் கவுன்சலர் பேசட்டும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில், இந்தப் புகார்களை யாரிடம் சொல்வது, எத்தனை நாளில் பதில் வரும் என்பதை எழுத்தில் கொடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417 இரண்டையும் பிள்ளைகளின் டைரியில் அச்சடியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அம்மா,
பெரம்பூர்.