முகப்பைக் கடைசியில் பார்த்துக்கொள், ரேவதி

அன்புள்ள ரேவதி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு அவள் விரும்பிய கல்லூரியிலேயே இடம் கிடைத்ததில் எங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோஷம். இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காலையில் பேப்பரை அவளே படிக்கிறாள்.

உங்கள் கம்பெனி ஊழியர்களுக்கு மட்டுமான உள் இணையதளத்தை, அதாவது இன்ட்ராநெட்டை, புதுப்பிக்கும் வேலையை உன் தலையில் வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நீ அனுப்பிய மூன்று ஹோம் பேஜ் டிசைனையும் பார்த்தேன். மூன்றும் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனாலும் இப்போதைக்கு எதற்கும் சரி சொல்லாதே. ஆள் எதைத் தேடி உள்ளே வருகிறார், அது கிடைக்கிறதா, கிடைத்தது சரியான தகவல்தானா என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் முகப்பில் எதை வைப்பது என்று சொல்ல முடியும். டிசைனில் தொடங்கினால் பழைய குப்பை அப்படியே புது இடத்துக்குப் போய்ச் சேரும்.

முதல் வேலையாக ஐ.டி.யிடம் சர்ச் ரிப்போர்ட் கேள். நீங்கள் இருப்பது ஷேர்பாயிண்ட் 2019 சர்வர், அதாவது உங்கள் சொந்த சர்வரில் ஓடும் மைக்ரோசாஃப்டின் இன்ட்ராநெட் மென்பொருள்; போகப்போவது அதன் கிளவுட் வடிவமான ஷேர்பாயிண்ட் ஆன்லைன். மாதவாரியாக அதிகம் தேடிய சொற்கள், பதிலே வராத தேடல்கள், தேடிவிட்டு எதையும் திறக்காமல் போனவை என்று தனித்தனி ரிப்போர்ட்டுகள் அதில் உண்டு, எக்ஸெல்லாக எடுக்கலாம். கடைசி இரண்டும்தான் உனக்குத் தங்கம். பே ஸ்லிப், லீவ் பேலன்ஸ், ஷிஃப்ட் ரோஸ்டர், பி.எஃப். நாமினேஷன், டிராவல் கிளெய்ம், ஹாலிடே லிஸ்ட் என்று ஒரு இருபது சொல்லில் பெரும்பகுதி தேடல் அடங்கிவிடும். அந்த இருபதையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள். இந்தத் திட்டம் முடியும்வரை எந்த விவாதம் வந்தாலும் அந்தத் தாளைக் காட்டியே முடிவெடு.

அடுத்தது இருப்புக் கணக்கு. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஃபைலுக்கும் எக்ஸெல்லில் ஒரு வரி: தலைப்பு, லிங்க், கடைசியாகத் திருத்திய தேதி, கடந்த 12 மாதத்தில் எத்தனை முறை திறக்கப்பட்டது, பொறுப்பாளர், முடிவு. முடிவு என்ற கட்டத்தில் வைத்திரு, திருத்து, காப்பகத்துக்கு அனுப்பு, அழி என்ற நான்கில் ஒன்றுதான் வரலாம். பொறுப்பாளர் கட்டத்தில் 'எச்.ஆர்.' என்றோ 'அட்மின்' என்றோ எழுத விடாதே, ஆள் பெயர் வேண்டும். துறையின் பெயரை எழுதினால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். இரண்டு வாரம் அவகாசம் கொடு. அதற்குள் யாரும் 'இது என்னுடையது' என்று சொல்லாத பக்கம் காப்பகத்துக்குப் போகட்டும். ஐ.எஸ்.ஓ. 9001 என்ற தரச் சான்றுக்கான ஆடிட்டில் கேட்கும் டாக்குமெண்டுகளில் மட்டும் கை வைக்காதே. அவற்றுக்கு டாக்குமெண்ட் எண்ணும் ரிவிஷன் எண்ணும் உண்டு, அந்தக் கட்டுப்பாடு புது இடத்திலும் அறுபடாமல் தொடர வேண்டும். குவாலிட்டி மேனேஜரை முதல் வாரத்திலேயே கூப்பிட்டு உட்கார வைத்துவிடு.

இதில் நம்மூர்க் கம்பெனிகளுக்கென்றே ஒரு நோய் இருக்கிறது: சர்க்குலர். டிராவல் பாலிசியை எடுத்துக்கொள். மூலப் பாலிசி ஒரு பி.டி.எஃப். அதற்குப் பின் தினப்படியை உயர்த்தி ஒரு சர்க்குலர், டாக்ஸி வரம்பை மாற்றி இன்னொன்று, பில் சமர்ப்பிக்கும் கெடுவைக் குறைத்து மூன்றாவது. சர்க்குலர்கள் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்தவை, அதாவது வெறும் படங்கள், படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓ.சி.ஆர். செய்யாவிட்டால் உள்ளே இருக்கும் சொல் தேடலில் வராது. மூலப் பாலிசியோ 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ரிவைஸ்டு ஃபைனல்' என்று மூன்று பெயரில் கிடக்கும். சென்னைக்குப் போய்வந்த சர்வீஸ் எஞ்சினியர் தேடுகிறார், மேலே வந்ததைத் திறக்கிறார், பழைய ரேட்டில் கிளெய்ம் போடுகிறார், அக்கவுண்ட்ஸ் திருப்பி அனுப்புகிறது. அதன்பின் அவர் தேடவே மாட்டார், அக்கவுண்ட்ஸில் தெரிந்த ஒருவருக்கு போன் போடுவார். பத்துப் பேர் இப்படிப் பழகிவிட்டால் இன்ட்ராநெட் இருந்தும் இல்லாததுதான்.

இதற்கு மருந்து கண்டிப்பான ஒரு விதி: சர்க்குலர் வெளியாகும் அன்றே பாலிசிப் பக்கமும் திருத்தப்பட வேண்டும். சர்க்குலர் செய்தி மட்டுமே, நடப்பு விதி எப்போதும் ஒரே பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தின் முதல் நான்கு வரியிலேயே யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாளுக்குள், எந்த ஃபாரம் என்பது வந்துவிட வேண்டும். முன்னுரையும் நோக்கமும் கீழே போகட்டும். பழைய வடிவங்கள் தனி ஃபைலாக நிற்காமல் அதே ஃபைலின் வெர்ஷன் ஹிஸ்டரியில், அதாவது ஷேர்பாயிண்ட் தானே வைத்திருக்கும் பழைய பிரதிகளின் பட்டியலில், இருக்கட்டும். பக்கத்தின் அடியில் பொறுப்பாளர் பெயரும் அடுத்த மறுபார்வைத் தேதியும். அந்த இருபது காரியங்களுக்கும் இப்படி இருபது பக்கம் எழுதி முடித்தாலே பாதி வேலை முடிந்தது. ஒரு பக்கத்துக்கு எழுத அரை நாள், துறையிடம் ஒப்புதல் வாங்க ஒரு வாரம் என்று கணக்கு வை. தாமதம் எப்போதும் ஒப்புதலில்தான் வரும்.

தமிழில் இருக்கும் ஃபைல்களைப் பற்றி நீ எழுதவில்லை. ஸ்டாண்டிங் ஆர்டர் (தொழிலாளர் பணி விதிகள்), பாதுகாப்பு விதி, கேன்டீன் அறிவிப்பு எல்லாம் பெரும்பாலும் பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்தவையாக இருக்கும். பாமினியில் திரையில் 'விடுப்பு' என்று தெரிவது கணினிக்கு டி, பி, எல், ஜி, அரைப்புள்ளி, ஜி என்ற ஆங்கிலக் குறிகளின் வரிசைதான். இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடில் 'விடுப்பு' என்று தேடுகிறவருக்கு அது வரவே வராது. செல்போனில் திறந்தால் அந்த எழுத்துரு இல்லாமல் குப்பையாகத் தெரியும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற கருவியால் யுனிகோடுக்கு மாற்றிவிடலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதே. நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களையும் அது பாமினி என்றே நினைத்து உருமாற்றிவிடும். மாற்றியபின் தமிழ் தெரிந்த ஒருவர் வரி வரியாகப் படித்தாக வேண்டும். ஃபைல் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் சுருக்கமாக இருக்கட்டும். தமிழ்ப் பெயர் வைத்தால் லிங்க்கை மெயிலில் ஒட்டும்போது ஒவ்வொரு எழுத்துக்குறியும் ஒன்பது ஆங்கிலக் குறிகளாக விரிந்து, பாதியில் அறுந்துபோகும் நீளத்துக்கு வந்துவிடும். தமிழ்த் தலைப்பு பக்கத்தின் தலையில் இருந்தால் போதும்.

மெனுவைத் துறை வாரியாகப் பிரிக்க எல்லோரும் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதே. ஐ.டி. கார்டு தொலைந்தவருக்கு அது எச்.ஆரா, செக்யூரிட்டியா, அட்மினா என்று எப்படித் தெரியும்? காரியங்களைச் சிறு அட்டைகளில் எழுதி, ஆபீஸிலும் மெஷின்கள் ஓடும் ஷாப் ஃப்ளோரிலுமாக ஒரு பதினைந்து பேரைத் தனித்தனியாக அடுக்கச் சொல். அதிலிருந்து மெனு எடு. பின்பு மெனுவை மட்டும், டிசைன் எதுவும் இல்லாமல், வேறு ஆட்களிடம் காட்டி 'உன் கார்டு தொலைந்துவிட்டது, எங்கே போவாய்?' என்று கேள். கேள்வியில் மெனுவில் இருக்கும் சொல்லே வந்துவிடக் கூடாது, வந்தால் அதைப் பார்த்துக் கை வைத்துவிடுவார்கள். ஒரே இடத்தில் பலர் தடுமாறினால் அந்தப் பெயரை மாற்று, மறுபடி கேள்.

தொழில்நுட்பப் பக்கம் சுருக்கமாக. ஷேர்பாயிண்ட் சர்வர் 2016, 2019 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் குறித்த சப்போர்ட் கடைசித் தேதி 2026 ஜூலை 14. மைக்ரோசாஃப்டின் பழைய ஃபாரம் கருவியான இன்ஃபோபாத்தில் செய்த ஃபாரங்களுக்கும் அதே தேதிதான், அதற்குப் பின் அவை ஷேர்பாயிண்ட் ஆன்லைனிலும் ஓடாது. ஒவ்வொரு ஃபாரமும் மைக்ரோசாஃப்டின் புதுக் கருவியான பவர் ஆப்ஸிலோ வேறெதிலோ புதிதாகக் கட்டப்பட வேண்டும். இதைத் தனித் திட்டமாகவே பட்ஜெட் போடு, பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பழைய சைட்டுக்குள் சைட், அதற்குள் சைட் என்ற அடுக்கை அப்படியே கொண்டுபோகாதே. தனித்தனிச் சைட்டுகளாக வைத்து, பல சைட்டுகளை ஒரே மெனுவின் கீழ் சேர்க்கும் ஹப்பில் இணைத்தால், நாளைக்கு இரண்டு துறைகளை ஒன்றாக்கினாலும் லிங்க் உடையாது. ஃபோல்டர் பாதை ஃபைல் பெயரோடு சேர்த்து 400 எழுத்தைத் தாண்டக் கூடாது. ஒரு லைப்ரரியில் 5,000 ஐட்டத்துக்கு மேல் போகுமானால் வடிகட்டப் பயன்படும் நெடுவரிசைகளுக்கு முன்கூட்டியே இண்டெக்ஸ் போடச் சொல், இல்லாவிட்டால் பெரிய வியூ தகராறு செய்யும். வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்களுக்கு, பழைய கணக்கு எது, புது இடத்தில் அது எந்தப் பெயரில் வர வேண்டும் என்று காட்டும் யூசர் மேப்பிங் ஃபைல் தயார் செய்யச் சொல். இல்லையென்றால் யார் எழுதினார்கள் என்ற தடயமே போய்விடும்.

பெர்மிஷன் விஷயத்தில் நீயே நேரில் உட்கார வேண்டும். ஒருவர் திறக்க அனுமதியுள்ளதை மட்டுமே தேடல் அவருக்குக் காட்டும். ஆகவே அனுமதி தவறினால் இரண்டில் ஒன்று நடக்கும்: வேண்டியது வராது, அல்லது வரக்கூடாதது வரும். என்றைக்கோ யாரோ அவசரத்துக்கு 'எவ்ரிஒன்' என்று திறந்துவிட்ட ஃபோல்டரில் இன்க்ரிமென்ட் ஷீட் கிடக்கலாம். பழைய தேடல் மோசமாக இருந்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை, புதுத் தேடல் நொடியில் எடுத்துக்கொடுக்கும். தொடக்கத்துக்கு இரண்டு வாரம் முன், சாதாரண ஆபரேட்டரின் அனுமதி உள்ள கணக்கில் நுழைந்து சேலரி, இன்க்ரிமென்ட், அப்ரைசல், பாஸ்வேர்ட், ஆதார் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார். இன்னொன்று: 'ஆடியன்ஸ் டார்கெட்டிங்' யாருக்குக் காட்டுவது என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. லிங்க் கிடைத்தவர் திறந்துவிடுவார், அதைப் பூட்டு என்று நம்பிவிடாதே.

ஷாப் ஃப்ளோர் ஆட்களுக்கு லைசென்ஸ் என்ன என்று இப்போதே கேள். மைக்ரோசாஃப்ட் 365-ன் தொழிலாளர் லைசென்ஸ்களில் எஃப்1-ல் மெயில் பாக்ஸ் கிடையாது, எஃப்3-ல் 2 ஜி.பி. உண்டு. மெயில் இல்லாதவருக்கு அறிவிப்பு எப்படிப் போய்ச்சேரும், பாஸ்வேர்ட் மறந்தால் இரவு ஷிஃப்டில் யார் மாற்றித் தருவார்கள் என்பதற்குப் பதில் இல்லாமல் 'எல்லோருக்கும்' என்று அறிவிக்காதே. டைம் ஆபீஸ் பக்கத்தில் எல்லோருக்கும் பொதுவான கணினி ஒன்றை, அதாவது கியாஸ்க், வைத்தால் ஆட்டோ லாக்அவுட் கட்டாயம். ஒருவரின் பே ஸ்லிப்பை அடுத்தவர் பார்த்துவிட்டால் அன்றோடு நம்பிக்கை போயிற்று.

நாள் குறிக்கும்போது மார்ச், ஏப்ரல் கணக்கு முடிப்பு, முதலீட்டுச் சான்று கேட்கும் ஜனவரி, பிப்ரவரி, ஃபாரம் 16 கொடுக்கும் ஜூன் பாதி, தீபாவளி போனஸ் வாரம் எல்லாவற்றையும் தவிர்த்துவிடு. உங்கள் அளவுக்கு இருப்புக் கணக்கு, மெனு, எழுத்து, மாற்றம், இருவார முன்னோட்டம் எல்லாம் சேர்த்து ஐந்து மாதம் கேள், மூன்றுக்கு இறங்காதே. ஃபைல்களின் பெரும்பகுதியை முன்கூட்டியே மாற்றிவிட்டு, கடைசி வார இறுதியில் இடையில் மாறியவற்றை மட்டும் மாற்றச் சொல். பழையதை 90 நாள் படிக்க மட்டும் திறந்து வை. மெஷின்களில் ஒட்டிய க்யூ.ஆர். கோடுகளும் எக்ஸெல்லுக்குள் புதைந்த பழைய லிங்க்குகளும் அந்த நாட்களில்தான் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

திறந்தபின் எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணை நிர்வாகம் கேட்கும், கொடு. ஆனால் நீ பார்க்க வேண்டியது பதில் வராத தேடல் குறைகிறதா, எச்.ஆருக்கும் அக்கவுண்ட்ஸுக்கும் வரும் போன் குறைகிறதா என்பதை. போன் எண்ணிக்கையை இப்போதே இரண்டு வாரம் குறித்து வைக்கச் சொல், இல்லாவிட்டால் பின்னால் ஒப்பிட எதுவும் இருக்காது.

சர்ச் ரிப்போர்ட் வந்ததும் கடைசி மூன்று மாதத்தை எனக்கு அனுப்பு. 'லீவ்', 'லீவு', 'விடுப்பு' என்று ஆளுக்கொரு விதமாக அடித்திருப்பார்கள். எவற்றையெல்லாம் ஒரே புக்மார்க்கில் (இந்தச் சொற்களைத் தேடினால் இந்தப் பக்கத்தை மேலே காட்டு என்று தேடலில் குறித்துவைப்பது) சேர்க்கலாம் என்று குறித்து அனுப்புகிறேன். ஸ்டாண்டிங் ஆர்டர் தமிழ் ஃபைல் ஒன்றையும் சேர்த்து அனுப்பு, எந்த எழுத்துரு என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மீனாட்சி